கோச்சாவின் வண்டு

தொலைபேசி அடித்தபோது லமாராவின் உலைக்குள் ஒரு ஜோடிப் பனிப்பூக்கள் வெந்துகொண்டிருந்தன.

மார்ச் பிறந்தால் தலைநகர் திபிலீசியில் பெண்களுக்குப் பூ கொடுத்தாக வேண்டும். நிஜப் பனிப்பூவை மலையிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தெருமுனைகளில் விற்பார்கள். வாங்கிய மாலையே அது தலையைத் தொங்கப்போட்டுவிடும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஓத்தாரின் கடைக்கு வந்து எனாமல் பூ வாங்குவார்கள். கடையின் பின்னறையில், ஜன்னலோரம் லமாராவின் மேசை. வெள்ளித் தகட்டின்மேல் தலைமுடி மாதிரியான வெள்ளிக் கம்பியை இடுக்கியால் வளைத்து இதழ் வரைவாள். அந்தச் சின்னப் பாத்திகளுக்குள் ஈரக் கண்ணாடிப் பொடியைத் தூரிகை நுனியால் ஊட்டுவாள். காயவைத்து உலைக்குள் தள்ளுவாள். பொடி உருகியதும் பாத்தி தாழ்ந்துபோகும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும். நிறங்களிலேயே வெள்ளைதான் பொல்லாதது. ஒரு மூச்சு கூடுதலாக உள்ளே இருந்துவிட்டால் பழுப்படித்துப்போகும். அதனால் வெள்ளைப் பூ உலையில் இருக்கும்போது லமாரா யாரோடும் பேசமாட்டாள். கடைக்கு மந்திரியே வந்தாலும் அவள் முதுகைத்தான் பார்க்க முடியும்.

அன்றைக்கு ஏனோ கையை நீட்டித் தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

"லமாரா அம்மாங்களா? நான் இர்மா பேசறேன். காணாமப் போனவங்க ஆபீஸ்லேருந்து."

லமாரா எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கோச்சாவா?"

"இல்லம்மா. பதறாதீங்க. உங்க ரத்தத்தோட பொருந்தல. ஆனா ஒரு எலும்புக்கூட்டோட ஒரு பொருள் கிடைச்சிருக்கு. எனாமல் வச்ச சின்ன நகை. உங்க பையன் ஒரு வண்டு போட்டிருந்தான்னு அப்ப சொல்லியிருந்தீங்கல்ல? ஒருதடவை வந்து பாத்துட்டுப் போனா நல்லா இருக்கும்."

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ லமாரா சொன்னாளா என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை. உலையில் பூ தீய்ந்தாலும் வாடை எதுவும் வராது, கண்ணாடிக்கு வாடை கிடையாது. ஓத்தார்தான் முன்கடையிலிருந்து எதற்கோ உள்ளே வந்து, உலைக் கதவின் துளை வழியே பார்த்துவிட்டுக் கத்தினார்.

"லமாரா, பூவைக் கவனிச்சீங்களா? இதை இனிமே மஞ்சக்காமாலை வந்தவளுக்குத்தான் விக்கணும்!" சிரித்துக்கொண்டே திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். உலையைத் தானே அணைத்தார். அவளுடைய கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கடல்பக்கத்து ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு அப்படித் திடீரென்று போகவேண்டிய இடங்கள் இருக்கும் என்று திபிலீசிக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடலோர ஊரான சுஹூமியில் லமாராவின் வீடும் ஜூஜூனாவின் வீடும் ஒரே மதிலின் இரண்டு பக்கம். லமாராவின் தோட்டத்தில் சீமைப்பனிச்சை மரம் ஒன்று. பழுக்கும் காலத்தில் அதன் கிளைகள் ஜூஜூனாவின் பக்கம்தான் அதிகம் தொங்கும். "மரம் உன்னது, பழம் என்னது, கடவுள் பிரிச்சுக் குடுத்துட்டார் பாத்தியா?" என்று ஜூஜூனா மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வாள். அவளுக்கு மல்ஹாஸ் ஒரே பிள்ளை. லமாராவுக்குக் கோச்சா ஒரே பிள்ளை. இருவருக்கும் ஒரே வயது. ஒருவனைத் தேட வேண்டுமானால் மற்றவனைக் கூப்பிட்டால் போதும்.

கோச்சாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பூச்சிப் பைத்தியம். மக்கிய மரத்துக்கு அடியில் ஒருநாள் நீலமும் ஊதாவுமாக மின்னும் ஒரு பெரிய வண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். காகசஸ் காடுகளில் இருக்கும் வகை அது. சிறகு முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி குத்தியிருக்கும். ஊறுகாய் ஜாடியில் வைத்து நத்தை பிடித்துப் போட்டு வளர்த்தான். அது செத்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவனுக்குப் பதினெட்டு முடிந்தபோது லமாரா அந்த வண்டை எனாமலில் செய்துகொடுத்தாள். அதற்கு முன்னால் அவள் செய்தது எல்லாம் மக்னோலியா, மிமோசா, ஆரஞ்சுப்பூ. வண்டு அவளைப் படுத்திவைத்தது. வெள்ளித் தகட்டில் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்பி, அதன்மேல் அடி தெரிகிற மாதிரி நீலத்தை மெல்லிசாகப் படியவைக்க வேண்டும், ஓரத்தில் ஊதா. கடைசிச் சூட்டில் ஒரு காலின் கம்பி மிதந்து நகர்ந்துவிட்டது. ஐந்து கால் தரையில் இருக்க, ஒன்று மட்டும் மேலே தூக்கி நின்றது. உடைத்துவிட்டு வேறு செய்யலாம் என்று எடுத்து வைத்தாள். கோச்சா பிடுங்கிக்கொண்டான்.

"விடும்மா. இதுதான் நல்லா இருக்கு."

"கோணலா இருக்குடா."

"கோணல் இல்ல. நடக்குது. நடக்கறவன் காலைத் தூக்கித்தானே ஆகணும்?"

கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். மல்ஹாஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லமாரா அத்தை, எனக்கு ஒண்ணு? எனக்குப் பூச்சி எல்லாம் வேணாம், ஒரு கார் செஞ்சு குடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கடலோரத்தைத் தனிநாடாக்கும் போர் வந்துவிட்டது.

ஊர் எதிரி கையில் விழுந்த அன்று பையன்கள் இருவரும் கிழக்குப் பக்கம் பாலத்தைக் காக்கப் போனார்கள். தாய்மார்கள் இருவரும் மற்றவர்களோடு மலையேறினார்கள். லமாராவின் புருஷன் நோயாளி. அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பனியில் செருப்பு பிய்ந்து, ஜூஜூனாவின் கம்பளிச் சால்வையை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டு கணவாயைக் கடந்தார்கள். திபிலீசியில் அகதிகளுக்கு ஒதுக்கிய ஒரு ஹோட்டலின் ஒரே மாடியில் வருடக்கணக்காக இருந்தார்கள். லமாராவின் புருஷன் அங்கேதான் கண்ணை மூடினார். பிறகு ஊருக்கு வெளியே கட்டிக்கொடுத்த குடியிருப்பில் ஒரே படிக்கட்டில் வீடு கிடைத்தது; லமாரா மேலே, ஜூஜூனா கீழே. லமாரா எனாமல் வேலைக்குப் போனாள், ஜூஜூனா சந்தையில் பாலாடைக்கட்டியும் மிளகாய் விழுதும் விற்றாள்.

காணாமல் போனவர்களின் தாய்மார்களை ரத்தம் கொடுக்க வரச் சொன்னபோது லமாரா முதல் வாரமே போனாள். ஜூஜூனா போகவில்லை.

"எதுக்கு ரத்தம்? செத்தவனைத் தேடறதுக்குத்தானே? என் பிள்ளை உசுரோட இருக்கான்" என்றாள். மல்ஹாஸ் ரஷ்யாவில் எங்கேயோ லாரி ஓட்டுகிறான் என்பது அவள் முடிவு. சிறைபிடித்துக்கொண்டு போனார்கள், அங்கே ஒரு ரஷ்யக்காரி அவனை மடக்கிப்போட்டுவிட்டாள், அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதவிடாமல் தடுக்கிறாள். அந்த மருமகளை ஜூஜூனா தினம் திட்டினாள். களி அடிப்பிடித்தால் திட்டுவாள், பஸ் தவறினால் திட்டுவாள். "அந்தச் செம்பட்டைத்தலைச்சி என் பிள்ளைக்கு உப்பில்லாத முட்டைக்கோஸ் சூப் ஊத்தியே கொல்றாளோ என்னமோ!" சந்தையில் புதிதாக வந்தவர்கள் அப்படி ஒருத்தி நிஜமாகவே இருப்பதாக நம்பினார்கள்.

லமாரா மறுத்துப் பேசியதில்லை. அவளுக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. மல்ஹாஸ் லாரி ஓட்டினால் கோச்சா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பான் அல்லவா?

அலுவலகத்தில் இர்மா சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தாள். முப்பது வயதுகூட இராது; போர் நடந்தபோது தொட்டிலில் இருந்திருப்பாள். பஞ்சின்மேல் அது கிடந்தது. வெள்ளி கறுத்து மண்நிறமாகிவிட்டது. ஒரு சிறகில் நகக்கண் அளவுக்கு எனாமல் பெயர்ந்திருந்தது. மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது. அந்த நீலம், அந்த ஊதா, நேற்று உலையிலிருந்து எடுத்த மாதிரி. ஒரு கால் மேலே தூக்கியிருந்தது.

"இதுதானாம்மா?"

லமாரா தலையாட்டினாள்.

"தொட்டுப் பாக்கலாம். பரவால்ல."

அவள் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப இது என் பிள்ளைதானே? ரத்தம் எப்படித் தப்பாகும்? மறுபடி பாருங்க. என் ரத்தத்தை மறுபடி எடுங்க."

"மூணு தடவை பாத்துட்டாங்கம்மா. இவர் உங்க மகன் இல்ல." இர்மா தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். "ஒரு தோட்டத்துல தனியா புதைச்சிருந்தாங்க. இருபது வயசு இருக்கலாம். நல்ல உசரம். இடது கை முழங்கைக்குக் கீழ சின்ன வயசுலேயே உடைஞ்சு கூடியிருக்கு. இப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? உங்க பையனோட கூட இருந்தவங்க யாராவது?"

சீமைப்பனிச்சை மரத்தின் உச்சியில் பழுத்த ஒரு பழத்துக்காகக் கையை நீட்டி, கிளையோடு முறிந்து விழுந்த பதினொரு வயதுப் பையன் லமாராவின் கண் முன்னால் வந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே அவள்தான். கட்டுப்போட்ட கையோடு வந்து, "பழம் மட்டும் நசுங்கல அத்தை" என்றவன்.

"தெரியல" என்றாள்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோதுதான் பொய் சொன்னது உறைத்தது. ஜூஜூனாவுக்குச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கொல்லனைப் பார்த்துக் கொல்லன் பொறாமைப்படுவான், தச்சனைப் பார்த்துத் தச்சன், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி. ஒரு எலும்புக்கூட்டுக்காக இன்னொருத்தியின் மேல் பொறாமைப்பட முடியும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. ரத்தமே கொடுக்காதவளுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டான். தேடித் தேடிக் கால் தேய்ந்தவளுக்குக் கிடைத்தது ஒரு வண்டு.

பிறகு ஜூஜூனாவைத் தவிர்த்தாள். படியில் அவள் குரல் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றாள். விடிந்ததும் வேலைக்குப் போனாள். பனிப்பூக்களை வரிசையாகச் சுட்டாள், ஒன்றும் பழுப்படிக்கவில்லை, கைகள் தாமாக வேலை செய்தன. ஒரு வாடிக்கைக்காரி தன் பேரனுக்கு ஒரு பொன்வண்டு செய்து தரமுடியுமா என்று கேட்டாள். "இவங்க பூ மட்டும்தான் செய்வாங்க" என்று ஓத்தார் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் அவளிடம் அதைக் கேட்டுப் பார்த்தவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜூஜூனாவே மேலே வந்து கதவைத் தட்டினாள். கையில் சோளக்களிப் பாத்திரம், தோளில் துண்டு.

"என்னடீ, ராணியம்மா? நான் என்ன உன் சொத்தையா எழுதிக் கேட்டேன், பாத்தாலே ஓடி ஒளியறே? களி கிண்டினேன். பாலாடைக்கட்டி நடுவுல செருகியிருக்கேன், ஆறிப்போனா நாய்கூடத் திங்காது. உக்காரு."

உட்கார்ந்தார்கள். ஜூஜூனா களியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். சந்தையில் யாரோ தன் தராசைக் குறை சொன்ன கதையை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி லமாராவை உற்றுப் பார்த்தாள்.

"கோச்சா கிடைச்சுட்டானா?"

"இல்ல."

"பின்ன ஏன் இப்படி இருக்கே?"

லமாரா சொன்னாள். வண்டைப் பற்றிச் சொன்னாள். தன் ரத்தம் பொருந்தவில்லை என்றாள். உயரமான பையன் என்றாள். கையைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. ஜூஜூனாவின் விரல்களில் களி அப்படியே இருந்தது.

"எந்தக் கை?"

"இடது கை."

ஜூஜூனா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"உன் பிள்ளை கிடைக்கலேன்னு என் பிள்ளையைச் சாகடிக்கறியா?"

"ஜூஜூனா..."

"ஊர்ல எவனுக்குமே கை உடையலையா? உன் மரத்துலேருந்து விழுந்துதான் உடைஞ்சுது! உன் மரம்! இப்ப நீயே இப்படிச் சொல்லி... போதும்டீ. உன் உப்பைத் தின்ன பாவத்துக்கு வாயை மூடிட்டுப் போறேன்." பாத்திரத்தைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள். கீழே கதவு அறைந்து சாத்தும் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

களி ஆறிப்போயிற்று. அதை எடுத்துக் கொட்ட லமாராவுக்கு மனம் வரவில்லை. மாலையில் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள்.

பனி உருகி, தெருவோர மரங்களில் துளிர் விடும்வரை இருவரும் பேசவில்லை. இவ்வளவு வருடத்தில் அப்படி நடந்ததே கிடையாது. அந்த நாட்களில் லமாரா கோச்சாவைப் பற்றி ஒரு விஷயத்தை யோசிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். அந்த வண்டு எப்படி மல்ஹாஸிடம் போனது? விளையாட்டாகக் கொடுத்திருப்பான். பந்தயத்தில் தோற்றிருப்பான். குளிக்கும்போது கழற்றி வைத்திருப்பான், இவன் எடுத்து மாட்டியிருப்பான். பையன்கள்தானே. விடை எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றிப் போனாள்.

ஏப்ரலில் ஒருநாள் காலை, அவள் ஆப்பிள்பூ ஒன்றுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறை வாசலில் ஜூஜூனா வந்து நின்றாள். சந்தைக்குப் போகும் ஏப்ரனோடு. மிளகாய் விழுது வாசனை அறைக்குள் வந்தது. ஓத்தார் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு முன்கடைக்கு நழுவினார்.

ஜூஜூனா உட்காரவில்லை.

"அது கழுத்துலயா இருந்துச்சு?"

"எது?"

"வண்டுடீ. அவன் கழுத்துல கிடந்துதா?"

இர்மா அதையும் சொல்லியிருந்தாள். லமாரா அதைத்தான் ஜூஜூனாவிடம் சொல்லாமல் விட்டிருந்தாள். தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"இல்ல. சட்டைப் பையில. உள்பக்கம். ஒரு துணியில நாலு மடிப்பா மடிச்சு வச்சு, பையோட வாயை ஊசி போட்டுத் தச்சிருந்தாங்களாம்."

ஜூஜூனா அப்போதுதான் உட்கார்ந்தாள். மேசைமேல் கிடந்த கம்பித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"மல்ஹாஸ் தைப்பான்" என்றாள். "அவனுக்கு நான்தான் பட்டன் தைக்கக் கத்துக்குடுத்தேன். பொட்டச்சி வேலைன்னு கத்துவான், ஆனா தைப்பான்." லமாரா பக்கம் திரும்பினாள். "போட்டுக்கறவன் கழுத்துல போட்டுக்குவான், லமாரா. தைச்சு வைக்கறவன் யார்கிட்டயோ கொண்டு குடுக்கணும்னு வைக்கறான்."

லமாரா இடுக்கியை மேசைமேல் வைத்தாள்.

"உனக்குக் கொண்டுவந்திருக்கான்" என்றாள் ஜூஜூனா. "கோச்சா முன்னாடியே போயிட்டான். இவன் அவன் கழுத்துலேருந்து எடுத்துட்டு வந்திருக்கான். உன் கையில குடுக்கணும்னு. வர்ற வழியில..."

லமாரா பல வருடமாகச் சுற்றிச் சுற்றிப் போன இடத்துக்கு ஜூஜூனா நேராக நடந்து வந்துவிட்டாள். கோச்சா தன் கழுத்திலிருந்து அதை உயிர் இருக்கும்வரை கழற்றிக் கொடுத்திருக்கமாட்டான். குளிக்கும்போதுகூடக் கழற்றாதவன். அது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

அவள் அழுத சத்தம் முன்கடைவரை கேட்டது. ஓத்தார் கடைக் கதவை உள்ளே தாழிட்டார். வந்த வாடிக்கைக்காரர்களைக் கண்ணாடி வழியாகவே கையசைத்துத் திருப்பி அனுப்பினார். உள்ளே ஜூஜூனா லமாராவின் தலையைத் தன் ஏப்ரனில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தன் மகனைப் பற்றிய சந்தேகத்தோடு வந்தவள், முதலில் இவள் மகனுக்காக அழுதாள்.

அழுகை ஓய்ந்த பிறகு ஜூஜூனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரத்தம் எவ்வளவு எடுப்பாங்க?"

"ஒரு சொட்டு. விரல்ல குத்துவாங்க."

"ஊசின்னாலே எனக்குக் குலை நடுங்கும்டீ. நீ வா கூட."

போனார்கள். இர்மா விரலில் குத்தும்போது ஜூஜூனா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பொண்ணே, நீ கல்யாணம் ஆனவளா? மாமியாரை இப்படித்தான் குத்துவியா?" என்றாள். இர்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ரத்தம் பொருந்திவிட்டது என்று முடிவு வந்த அன்று ஜூஜூனா மேலே ஏறி வந்து லமாராவின் சமையலறையில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. சிரமப்பட்டு எதையோ தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"அந்தப் பொண்ணு" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"அந்தச் செம்பட்டைத்தலைச்சி. எத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா, லமாரா? உப்பில்லாம சூப் வச்சாத்தான் என்ன? குடிச்சிட்டுப் போறான்."

லமாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவளுக்குள் பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அது போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமை இருக்கிற கையாலேயே அவள் ஜூஜூனாவின் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடக்கத்துக்கு முன்தினம் இர்மா அந்த அட்டைப் பெட்டியை லமாராவிடம் கொடுத்தாள். சட்டப்படி அது உங்களுடையதுதான் என்றாள். லமாரா அதைக் கடைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் கழுவினாள், மெல்லிய தூரிகையால் மண்ணை எடுத்தாள். கறுத்த வெள்ளி கொஞ்சம் வெளுத்தது. ஓத்தார் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பேந்த இடத்துக்கு நீலம் நிரப்பி ஒருதடவை சுட்டா தெரியவே தெரியாது. சொல்லுங்க, உலையைப் போடறேன்."

"வேணாம். உள்ள எவ்வளவு ஈரம் ஏறியிருக்கோ. சூட்டுல மொத்தமா வெடிச்சிடும்."

அது காரணம்தான். அது மட்டும்தான் காரணம் என்று ஓத்தார் நம்பவில்லை. கண்ணாடியை மடித்து வைத்துவிட்டார்.

இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. மலைச்சரிவிலிருந்த இடுகாட்டில் களிமண் காலை வழுக்கியது. சுஹூமிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் வராதா என்று பார்க்க வந்தவர்கள். சவப்பெட்டி சின்னதாக இருந்தது. ஜூஜூனா அதன்மேல் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையை வைத்தாள். மகன் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று வருடாவருடம் பின்னி வைத்திருந்தவற்றில் பெரிய அளவு எது என்று தேடி எடுத்து வந்திருந்தாள்.

லமாராவின் கோட்டுப் பைக்குள் வண்டு இருந்தது. அதைக் குழியில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எடுத்து வந்தாள். இவ்வளவு காலம் மல்ஹாஸ் அதைக் காத்தான், அவனோடே இருக்கட்டும். கோச்சாவின் பொருள் ஒன்று மண்ணுக்குள் போனால் கோச்சாவுக்கும் ஒரு இடம் ஆகும். ஜூஜூனாவிடம் சொல்லியிருந்தாள், பாதிரியாரும் தலையாட்டியிருந்தார். பெட்டி இறங்கியதும் எல்லாரும் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

அவள் குழியோரம் போய் நின்றாள். கையை வெளியே எடுத்தாள். விரல்களைத் திறக்க முடியவில்லை. உள்ளங்கையில் அந்தத் தூக்கிய காலின் கம்பி குத்திக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள். யாரோ ஒருத்தி பின்னால் விசும்பினாள். லமாராவுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்கப் பார்க்கிறது, சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் கை திறக்கவில்லை.

ஜூஜூனா பக்கத்தில் வந்து அவள் முஷ்டியை இரண்டு கையாலும் மூடினாள்.

"வச்சுக்கோடீ. அவன் உனக்குத்தானே கொண்டுவந்தான். வாங்கிக்க. என் பிள்ளை கொண்டுவந்த சாமானை நீ திருப்பி அனுப்பாதே."

லமாரா கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மண் விழுந்தது.

அடுத்த வருடம் ஈஸ்டர் மறுநாள் இருவரும் மினி பஸ் பிடித்து இடுகாட்டுக்குப் போனார்கள். சரிவு முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கல்லறைகளின்மேல் திராட்சை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களுக்கும் பண்டிகை போய்ச் சேர, சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளைக் கல்லறை மேட்டின்மேல் உருட்டினார்கள். ஜூஜூனா புல்லைப் பிடுங்கினாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள், மகனிடம் சந்தையில் பாலாடைக்கட்டி விலை ஏறிப்போனதைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஒரு முட்டையை உருட்டிவிட்டு, இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்து லமாராவிடம் நீட்டினாள்.

"இது கோச்சாவுக்கு."

"இது மல்ஹாஸோட இடம்டீ."

"தெரியும். பேரு எழுதி வச்சிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதா?" ஜூஜூனா முட்டையை அவள் கையில் திணித்தாள். "என்னிக்காவது உன் பிள்ளைக்குன்னு ஒரு இடம் கிடைக்கும். அன்னிக்கு அங்க போய் உருட்டிக்கலாம். அதுவரைக்கும் இங்கயே உருட்டு. அவனுங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே தட்டுலதானே சாப்பிட்டானுங்க."

லமாரா முட்டையை மேட்டின் உச்சியில் வைத்துத் தள்ளினாள். இரவு மழையில் இளகிய மண் இன்னும் இறுகவில்லை. முட்டை பாதியில் புதைந்து நின்றுவிட்டது. விரலால் மெல்ல எடுத்து மறுபடி தள்ளினாள். இந்தத் தடவை அது அடிவரை உருண்டு புல்லுக்குள் போயிற்று. அதை எடுக்காமல் விட்டாள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. மிச்ச ரொட்டியைத் துணியில் மூட்டைகட்டிக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தபடி, இருவரும் வழுக்கும் மண்ணில் மெதுவாகக் கீழே இறங்கினார்கள்.